அம்மாவுக்கு சீட், எனக்கு வெயிட்டிங் லிஸ்ட்!

இன்னைக்கு காலையில எங்க வீட்டுல ஒரே என்ட்ரன்ஸ் எழுதின ரெண்டு பேருக்கு ரிசல்ட் வந்துச்சு.

ஒருத்தருக்கு எம்.எஸ்.டபிள்யூ. சீட். இன்னொருத்தருக்கு வெயிட்டிங் லிஸ்ட்.

சீட் கிடைச்சது எங்க அம்மாவுக்கு!

(சிரிக்கிறவங்க சிரிச்சுட்டு வாங்க, நான் வெயிட் பண்றேன். இப்ப எனக்கு அதுதான் வேலையே.)

முதல்ல இருந்து சொல்றேன்.

போன வருஷமும் இந்த என்ட்ரன்ஸுக்கு விழுந்து விழுந்து படிச்சேன். ஹாலுக்குள்ள போனதும் கை நடுங்க ஆரம்பிச்சுச்சு. பாதி கேள்விக்கு பபுள்கூட கருப்பாக்காம வெளிய வந்தேன். கேட்டுக்கு வெளிய நின்ன அம்மாவைப் பாத்ததும் நடுரோடுன்னு பாக்காம அழுதேன்.

இந்த வருஷம் அப்ளிகேஷன் போடுறப்ப, "எனக்குப் பேடியா இருக்கும்மா, நீயும் உள்ள வந்தா கொள்ளாம்"னு பயத்துல சும்மாதான் சொன்னேன்.

அம்மா தையல் மெஷினை நிறுத்தினா.

"எனக்கும் ஒரு ஹால்டிக்கெட் இருந்தா எவன் மக்கா தடுப்பான்? நானும் பி.ஏ. பாசானவளாக்கும்!"

டிகிரி இருக்கு, வயசு வரம்பு கிடையாது. பீரோவுல ப்ளவுஸ் துணிக்கு அடியில கிடந்த சர்டிபிகேட்டைத் தூசி தட்டி எடுத்துட்டா. குன்னத்துகால் ஜங்ஷன்ல (எங்க ஊர் கேரளா பார்டர்!) இருக்குற கம்ப்யூட்டர் சென்டர்ல ஒரே நேரத்துல ரெண்டு அப்ளிகேஷன். அடுத்தடுத்த நம்பர்!

அதுக்கப்புறம் நாலு மாசம். நான் புக்கை வாசிப்பேன், அம்மா ப்ளவுஸுக்கு ஊக்கு தச்சுக்கிட்டே கேப்பா.

முதல்ல எனக்காகக் கேட்டா. அப்புறம் சந்தேகம் கேட்டா. அதுக்கப்புறம் நான் சொல்ற பதில்ல தப்பு கண்டுபிடிக்க ஆரம்பிச்சா! (அங்கேயே நான் உஷாராகியிருக்கணும்.)

திருவனந்தபுரத்துல பரீட்சை. வாசல்ல ஒரு சார் அம்மாவை மறிச்சார்.

"சேச்சி, பேரண்ட்ஸ் புறத்து நிக்கணும்."

அம்மா ஹால்டிக்கெட்டை நீட்டினா. "ஞானும் எழுதான் வந்நதா சாரே!"

அவர் ஹால்டிக்கெட்டைப் பாத்தார், அம்மாவைப் பாத்தார், என்னைப் பாத்தார். அப்புறம் அவரே வழிவிட்டார்.

எனக்கு நேர் பின்னாடி அம்மா. பேப்பர் கையில வந்ததும் பழைய நடுக்கம் தொடங்கிச்சு. பின்னாலயிருந்து அம்மா தொண்டையைச் செருமினா. (காப்பி எல்லாம் இல்ல, சத்தியமா வெறும் செருமல்!) அது போதும். கடைசிக் கேள்வி வரைக்கும் எழுதிட்டேன்.

இன்னைக்கு லிஸ்ட் வந்துச்சு. மொத்தம் இருபது சீட். அம்மா பத்தொன்பது. நான் வெயிட்டிங் லிஸ்ட்ல ஒண்ணாம் நம்பர்.

அதாவது யாராவது ஒரே ஒரு ஆள் வேண்டாம்னு சொன்னா சீட் எனக்கு.

அந்த ஆள் எங்க அடுக்களையில மரச்சீனிக் கிழங்கு வெட்டிட்டு இருந்தா!

"நான் உனக்குத் துணைக்கு வந்தவளாக்கும்"னா அம்மா, திரும்பிக்கூடப் பாக்காம. "துணைக்கு வந்தவ உனக்க எலையில இருந்து தின்னவா? நான் வேண்டாம்னு சொல்லிருதேன். நீ போய் படி."

இங்க ஒரு உண்மையைச் சொல்லிடுறேன்.

நான் உடனே "அதெல்லாம் வேண்டாம்மா"ன்னு சொல்லல. மத்தியானம் வரைக்கும் வாயே திறக்கல. அம்மா விட்டுக்குடுத்துட்டா நல்லாயிருக்கும்னுதான் மனசு சொல்லிச்சு. நெனச்சா இப்பவும் வெக்கமா இருக்கு.

மத்தியானம் அம்மா அவ போனை எங்கிட்ட நீட்டினா.

"மக்கா, வேண்டாம்னு சொல்ல இதுல எங்க அமுக்கணும்?"

போர்ட்டல் பாஸ்வேர்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருந்தோம். அதைத் தேடி கேலரிக்குள்ள போனேன்.

முதல்ல வந்தது பாஸ்வேர்டு இல்ல, இன்னைக்கு வந்த லிஸ்ட். ஒண்ணு ரெண்டு இல்ல, பதினோரு ஸ்க்ரீன்ஷாட்! எல்லாத்துலயும் பத்தொன்பதாம் நம்பர். ஒவ்வொரு தடவையும் அம்மா பேரை இன்னும் கொஞ்சம் பெருசாக்கி எடுத்திருந்தா.

"இது என்னதும்மா?"

"கை பட்டிருக்கும்."

"பதினோரு தடவையா?"



"எனக்க பேரை கல்யாணக் கார்டுல பாத்தது மக்கா. அதுக்குப் பெறவு இண்ணைக்குத்தான் ஒரு லிஸ்ட்ல பாக்கேன். பாத்துட்டு அழிச்சிரலாம்னு எடுத்தேன்."

காலையிலயிருந்து நான் வாயை மூடிக்கிட்டு இருந்த வீட்டுல, அவ ஒளிஞ்சு ஒளிஞ்சு சந்தோஷப்பட்டிருக்கா!

போர்ட்டலைத் திறந்தேன். ரெண்டு பட்டன் இருந்துச்சு, 'ஏற்கிறேன்', 'வேண்டாம்'.

அம்மாகிட்ட கேக்கவே இல்ல. 'ஏற்கிறேன்' அமுக்கிட்டேன்.

"எட்டி! என்னட்டி செய்த?"

முதுகுல பளார்னு ஒண்ணு விழுந்துச்சு. அடிச்ச கையாலயே கட்டிப்பிடிச்சு அழுதா. நானும் அழுதேன்.

அப்பா ஆட்டோவை நிறுத்திட்டு சோறு திங்க வந்தவர், பயந்துபோய் வாசல்லயே நின்னுட்டார். விஷயத்தைச் சொன்னதும் ரொம்ப நேரம் யோசிச்சார்.

"அப்போ இனி காலத்தே சாயா போடது நானாக்கும், இல்லியா?"

(அவருக்கு அவர் கவலை!)

ஆனா சாப்பிட்ட கையோட அமரவிளைக்குப் போய் காலேஜ் பேக் வாங்கிட்டு வந்தார். ஒண்ணு இல்ல, ரெண்டு.

"எனக்கு இன்னும் சீட் கிடைக்கலியேப்பா?"

"கிட்டும் மக்கா. கிட்டலேன்னாலும் சாரமில்ல, கவலைப்படாத, மழையில ஒண்ணு நனைஞ்சா அம்மைக்கு மாத்த ஒண்ணு வேணும்லா?"

(ஆறுதல் சொல்ற லட்சணத்தைப் பாருங்க!)

இப்ப வரைக்கும் நான் வெயிட்டிங் லிஸ்ட்தான். சீட் கிடைச்சவங்க முடிவு சொல்ல நாளைக்கு சாயங்காலம் வரை டைம் இருக்கு. தைரியசாலி மாதிரி நடிக்கல, ரொம்பப் பயமாத்தான் இருக்கு. ரெண்டாவது வருஷமும் கைவிட்டுப் போயிருமோன்னு மனசு அடிச்சுக்குது.

அதனால நண்பர்களே, ஒரு விண்ணப்பம்.

எம்.எஸ்.டபிள்யூ. சீட் கையில இருக்கு, ஆனா வேற எங்கயாவது போலாமான்னு யோசிக்கிறவங்க யாராவது இதைப் படிக்கிறீங்களா? கொஞ்சம் சட்டுனு முடிவெடுங்களேன், ப்ளீஸ்!

எங்க அம்மா சீட் மேல மட்டும் யாரும் கண்ணு வைக்காதீங்க.

அது எனக்கே கிடையாது!