உயிரோடு இருப்பவனுக்கு வந்த துக்கச் சாப்பாடு

எங்கள் மேற்கு வர்ஜீனியா மலையூரில் ஒருவர் கண்ணை மூடினால், சவப்பெட்டிக்கு முன்பே சாப்பாடு வந்துவிடும். உருளைக்கிழங்கும் சீஸும் போட்டு அடுப்பில் சுட்டு, ஆவி பறக்கத் தட்டோடு தூக்கி வருவார்கள். புற்றுநோய் என்றாலும் வரும். போதைக்கு அடிமையானவன் வீட்டுக்கு மட்டும் ஒரு ரொட்டித் துண்டுகூட வராது.

வெர்லீன் என் பக்கத்து வீட்டுக்காரி, பள்ளிக்கூடச் சமையற்கட்டில் என்னோடு வேலை பார்ப்பவள். புருஷன் சுரங்கத்தில் முதுகை ஒடித்துக்கொண்டு, வலி மாத்திரையிலேயே போய்ச் சேர்ந்தான். அவன் விட்டுப்போன மாத்திரையில் மகன் டிராவிஸ் ஆரம்பித்து, ஹெராயினில் வந்து நின்றான். போதை மிஞ்சி மூச்சு நின்றால் மூக்கில் அடிக்கும் மருந்தை ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டுதான் வெர்லீன் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறுவாள். அதற்கும் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும், அவள் வாயே திறக்கமாட்டாள்.

அன்று காலை எதிர்ப்புறப் பெட்ரோல் பங்க் கழிவறையில் டிராவிஸ் நீலம் பாரித்துக் கிடப்பதாகச் செய்தி வந்தது. வெர்லீன் கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். மருந்தை அவன் மூக்கில் ஒரு முறை அடித்தாள், அசைவில்லை. இன்னொரு முறை அடித்தாள். பையன் மூச்சை இழுத்து, எழுந்து உட்கார்ந்து, அம்மாவையே கெட்ட வார்த்தையில் திட்டினான். அந்த வசவைக் கேட்டு நாங்கள் இருவரும் சிரித்தோம், அழுதோம், என்ன செய்தோம் என்றே தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டான். ஆனால் ஆம்புலன்ஸில் வந்த பெண் விடவில்லை. யார் யாருக்கோ போன் போட்டு, மலைக்கு அந்தப் பக்கம் சிகிச்சை இல்லத்தில் ஒரு படுக்கை பிடித்துவிட்டாள். மாலை ஆறு மணிக்குள் போகாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். வெர்லீனின் வண்டியோ கிளம்பவே இல்லை.

"நாளைக்குப் போறேம்மா," என்றான் டிராவிஸ், சோபாவில் நடுங்கிக்கொண்டு. அவன் நாளை எங்கே போவான் என்று எங்களுக்குத் தெரியாதா?

அப்போது கதவு தட்டப்பட்டது. டிராவிஸே போய்த் திறந்தான். வாசலில் கறுப்பு உடையில் பாதிரியார் மனைவி ஓபல், பின்னால் தேவாலயப் பெண்கள், கைநிறையச் சூடான தட்டுகள்.

"யாரு செத்துப்போனது, ஓபலம்மா?"

ஓபல் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நீதான்டா."

எங்கள் ஊரில் சமையற்கட்டுக்குச் சமையற்கட்டு போலீஸ் பேச்சை ஒட்டுக்கேட்கும் ரேடியோ உண்டு. 'வெர்லீன் பையன், மூச்சில்லை' என்றது காதில் விழுந்ததும், ஓபல் அதை அணைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள். அடுத்த வாக்கியத்தைக் கேட்கவே இல்லை.

வெர்லீன் எழுந்து வந்தாள். "அவன் முன்ன சிகிச்சைக்குப் போனப்போ ஒருத்தியாவது எட்டிப் பாத்தீங்களா? செத்தாத்தான் சோறா?" என்றாள். எனக்குக் கைதட்டலாம் போலிருந்தது. "சோத்த உள்ள வைங்க. கார் சாவி யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டாள் வெர்லீன்.

ஓபல் சாவியை எடுத்து நீட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, "நானே ஓட்டுறேன்," என்றாள்.

பாட்டியம்மா வயதுதான் ஓபலுக்கு, ஆனால் பாட்டியம்மா ஓட்டுவதுபோலவா ஓட்டினாள்? வளைவுகளில் நான் கர்த்தரைக் கூப்பிட்டேன். டிராவிஸ் வழியெல்லாம் வாந்தி எடுத்தான். ஓபல் அரைகுறையாக ஒதுக்கி நிறுத்துவாள், அவன் வாயைக் கழுவிவிடுவாள், மறுபடி பறப்பாள். சிகிச்சை இல்ல வாசலில் வண்டி நின்றபோது ஆறு மணிக்குச் சில நிமிடங்களே இருந்தன.

டிராவிஸ் இறங்கவில்லை. கதவுப் பிடியில் கைவைத்தபடி, "என்னால முடியாதும்மா," என்றான்.

ஓபல்தான் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "உருளைக்கிழங்கு சீவும்போதே உனக்காக அழுது முடிச்சுட்டேன்டா. இன்னொரு தடவ என்னால ஆகாது. எறங்கு."

அவன் இறங்கினான்.