தட்டான் புடிக்க சம்பளமா?

போன வருஷம் என்னை எங்க ஊட்டு பாத்ரூம்லயே வெச்சு போலீஸ் கைது பண்ணிச்சு. போன்ல.

சிரிங்க, பரவால்ல. எங்க பிளாட்ல எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சு. வீடியோ கால்ல ஒருத்தன் காக்கிச் சட்டை போட்டுகினு வந்தான். பின்னாடி கொடி, மேஜை, தொப்பி எல்லாம் பக்காவா கீது. உன் பேர்ல ஒரு பார்சல் புடிபட்டுகீது, நீ இப்போ கைதுல கீற, கேமரா முன்னாடியே இருக்கணும், ஊட்ல யார்கிட்டயும் மூச்சு வுடக்கூடாதுன்னான். சத்தம் வெளிய கேக்கக்கூடாதுன்னு நானே பாத்ரூமுக்குள்ள போயி, பக்கெட்டைக் கவுத்துப் போட்டு, அது மேல கைதியா குந்திகினேன். எழுந்து நில்லுன்னான், நின்னேன். அந்தப் பக்கம் இன்னா கீதுன்னு காட்டுன்னான். ஷாம்பூ பாக்கெட்டைக் காட்டினேன்.

கடைசில என் சம்சாரம் வந்து கதவைத் தட்டினா. "உள்ள யார் கூட பேசிட்டிருக்கீங்க? குளிக்கப் போறீங்களா இல்லையா?"

"நான் அரெஸ்ட்ல கீறேன்டி."

தாழ்ப்பாள் அன்னிக்கு ஒடஞ்சதுதான். போனைப் புடுங்கி அவ கேட்ட கேள்வில, போலீஸே லைனைக் கட் பண்ணிட்டு ஓடிப்போச்சு.

நான் எதுல வுழுந்தேன்னு அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். அந்த ஆளுகிட்ட எல்லாத்துக்கும் பதில் இருந்துச்சு. நான் பார்சலே அனுப்பலயே சார்னா, அதுக்கு ஒரு பதில். அந்த ஊருக்கே நான் போனதில்லயேன்னா, அதுக்கும் ஒண்ணு. டக்கு டக்குனு வருது. எங்க கம்பெனில ஒரு மெஷின் ஏன் நின்னுச்சுன்னு கேட்டா, நாலு பேரு ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாப்பான். இவன் இவ்ளோ தெளிவா சொல்றானே, அப்போ நெசமாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன்.

அதுக்கப்புறம் நான் யார்கிட்டயும் ஏமாந்ததில்ல. நெசமான ஆளுங்களையே தொரத்த ஆரம்பிச்சேன். கேஸ் ஏஜென்சிலேர்ந்து பேசின பொண்ணை மிரட்டினேன். பேங்க் மேனேஜர் கூப்ட்டப்போ, "டேய், நீ எங்க குந்தினு பேசுற? அட்ரஸ் சொல்லு, நேர்ல வரேன்"ன்னேன். அவரும் பொறுமையா சொன்னாரு. போய்ப் பாத்தா, அங்கதான் குந்தினு இருந்தாரு.

இந்த லட்சணத்துலதான் எம் பொண்ணோட வெளிநாட்டுப் படிப்பு வந்து சேந்துச்சு.

அவ ஜூவாலஜில எம்.எஸ்ஸி. நாங்க கீறது கொரட்டூர் ஏரிப் பக்கம். சாயங்காலமானா வலையைத் தூக்கினு ஏரிக்கரைக்குப் போயிடுவா. மீன் வலை இல்ல, தட்டான் புடிக்கிற வலை. வாக்கிங் வர்றவங்க என்னை ஓரமா நிறுத்தி, "பொண்ணுக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லயே?"ன்னு கேப்பாங்க. புடிச்சதுல றெக்கையை மட்டும் எடுத்து சின்னச் சின்ன கவர்ல போட்டு, பழைய அல்வா டப்பாவுல அடுக்கி வெப்பா. அல்வான்னு நம்பி நான் அதைத் தொறந்தது ரெண்டு வாட்டி. மொத வாட்டியே புத்தி வந்திருக்கணும்.

வெளிநாட்டுப் படிப்புன்னா எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், எடத்தை விக்கணும். எங்க மெயின்டனன்ஸ் செக்‌ஷன்லயே என் கூட்டாளி ஒருத்தன், பாரிவாக்கத்துல வாங்கிப்போட்ட மனையை வித்துத்தான் புள்ளையை அனுப்பினான். நான் விக்கணும்னா ஸ்கூட்டர்தான் கீது. அதையும் தள்ளிகினுதான் போயி விக்கணும்.

"எதையும் விக்க வேணாம்பா"ன்னா பொண்ணு. "இது ஆராய்ச்சிப் படிப்பு. சேந்தா, வேலைக்குச் சேந்த மாதிரி. மாசாமாசம் அவங்கதான் எனக்கு சம்பளம் குடுப்பாங்க."

"இன்னா வேலைக்கு?"

"தட்டானுக்குத்தான்."

"தட்டான் புடிக்க சம்பளமா? ஏம்மா, மேனாம்பேட்ல நான் சின்ன வயசுல புடிச்ச தட்டானுக்கு இந்நேரம் பென்ஷனே வந்திருக்கணுமே?"

அவ சிரிக்கல. ஒரு கவரைத் தொறந்து றெக்கையை என் உள்ளங்கைல வெச்சா. வெச்சதே தெரியல. மழைக்கு முன்னாடி கூட்டமா வர்ற இந்தத் தட்டான்ல நெறைய இங்க பொறந்தது இல்லயாம். எங்கிருந்தோ வருதாம். வந்துட்டு, கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வரைக்கும் போவுதுன்னு நெனக்கிறாங்களாம்.

"இந்த றெக்கைய வெச்சுகினா?"

"ஆமா. இதுல இன்னொண்ணு இருக்குப்பா. தட்டான் சின்னதுல தண்ணிக்குள்ளதான் வளரும். ஒவ்வொரு ஊர் மழைத் தண்ணியும் வேற வேற. எந்தப் பக்கத்துத் தண்ணில வளந்துச்சோ, அந்த அடையாளம் றெக்கைல தங்கிடும். சோதனை பண்ணா ஓரளவுக்குக் கண்டுபுடிக்கலாம்."

"அப்போ எனக்கு றெக்க இருந்தா, மேனாம்பேடு பைப்புத் தண்ணி தெரியுமா?"

"றெக்கை வேணாம். நீ இப்போ குடிக்கிற தண்ணி உன் நகத்துலயே தெரியும்."

ஜோக்கடிக்கப் போனவன் நான். அன்னிக்கு முழுக்க, ஸ்பேனரைப் புடிக்கும்போதெல்லாம் என் நகத்தையே பாத்துகினு இருந்தேன். இத்தினி வருஷமா கிரீஸ் அழுக்குன்னு நெனச்சு தேச்சுகினு இருந்தேனே, அதுக்குள்ள ஒரு ஏரியே கீதாம்.

ஆனா அந்த சம்பளம்ன்ற வார்த்தை மட்டும் தொண்டைல முள்ளு மாதிரி நின்னுச்சு. சும்மா காசு தரேன்னு எவன் சொன்னாலும் அவன் திருடன். இதை நான் பக்கெட் மேல குந்தினு கத்துகினவன்.

அவ எழுதிப்போட்ட எடத்துலேர்ந்தெல்லாம் வருத்தம் தெரிவிச்சு பதில் வந்துருச்சு. மிச்சம் ஒண்ணே ஒண்ணு. ஐரோப்பாவுல ஏதோ குளுர் ஊரு. இருக்கறது ஒரே சீட்டு. அதுக்குப் பல நாட்டுலேர்ந்து பொறுக்கி எடுத்த கொஞ்சம் பேர்ல இவளும் ஒருத்தி. அங்க கீற புரொபசரம்மா வீடியோல பேசுவாங்க, அரை மணி நேரம், அதுலதான் முடிவு. இதுவும் போச்சுன்னா வலையை மடிச்சு வெச்சுட்டு ஐ.டி. கம்பெனி ஏதாவதுக்குப் போயிடறேன்னு அம்மாகிட்ட சொல்லிகினு இருந்தா. என்கிட்ட சொல்லல. நான் ஒட்டுக்கேட்டேன். அந்தப் பழக்கம் இல்லாம இருந்தா, இந்தக் கதையே நடந்திருக்காது.

அந்தம்மா பேசற அன்னிக்கு எனக்கு காலை ஷிப்ட். சாயங்காலம் காபி குடிச்சுட்டு, அவ ரூம் கதவுகிட்ட சும்மா பேப்பர் படிக்கிற மாதிரி நின்னுகினு இருந்தேன். உள்ள ஒரு பொம்பள கொரலு, இங்கிலீஷ்ல. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷு மோட்டார் டப்பா மேல எழுதியிருக்கறதுதான். ஆனாலும் இது நல்லா புரிஞ்சுது.

அந்தம்மா கேட்டது, "நீ ரூம்ல தனியா இருக்கியா?"

எம் பொண்ணு, "எஸ்."

"உன் அடையாள அட்டையை கேமரா முன்னாடி காட்டு."

காட்டறா.

"ரூமைச் சுத்திக் காட்டு."

வரிக்கு வரி என் பாத்ரூம் கேஸு! யாரும் ஆள் மாறாட்டம் பண்ணக்கூடாதுன்னு அது அவங்க ஆபீஸ் வழக்கமாம். பின்னாடிதான் தெரிஞ்சுது.

இருபது வருஷத்துக்கு மேல மெயின்டனன்ஸ்ல கீறவன் நான். எங்க வேலைல மொதப் பாடம், யாராவது கரண்ட்ல மாட்டிகினா கையைப் புடிச்சு இழுக்காத, மெயினை ஆஃப் பண்ணு. யோசிக்கவே மாட்டேன், கை தானா போவும். ஹால்ல கீற மெயின் ஸ்விட்சை டப்புனு எறக்கினேன். வேற எவனாவதா இருந்தா அதோட வுட்டிருப்பான். கரண்ட் போனாலும் நெட்டு போவக்கூடாதுன்னு ரூட்டரை இன்வெர்ட்டர்ல மாட்டினவனே நான்தானே. அதனால ஓடிப்போயி இன்வெர்ட்டரையும் ஆஃப் பண்ணேன். தொழில்ல நான் அரைகுறையா எதையும் செய்யறதில்ல.

ஃபேன் நின்னுச்சு. அந்தம்மா கொரலும் நின்னுச்சு. நெஞ்சை நிமித்திகினு நின்னேன்.

கதவு தொறந்துச்சு. "அப்பா, கரண்ட் போச்சா?"

"போவல. நான்தான் ஆஃப் பண்ணேன். பயப்படாத. அது திருட்டு கும்பல்."

அவ மூஞ்சில ரத்தமே இல்ல. கத்துவான்னு பாத்தேன், கத்தல. சம்சாரம் சமையக்கட்டுலேர்ந்து கரண்டியோட வந்து நின்னா, அவளும் கத்தல. எங்க ஊட்ல யாரும் கத்தலன்னா பெருசா ஏதோ ஒடஞ்சிருக்குன்னு அர்த்தம்.

ஊட்டுக்குள்ள போன் டவர் எடுக்காது. பொண்ணு போனைத் தூக்கினு மொட்டை மாடிக்கு ஓடினா. நானும் லுங்கியைத் தூக்கிக் கட்டிகினு பின்னாலயே ஓடினேன். மெயினை ஆன் பண்ணக்கூடத் தோணல.

நான் மூச்சு வாங்கினு மேல போறதுக்குள்ள, லைன் திரும்ப கெடச்சிருச்சு. போன்ல அந்தம்மா. என் வயசு இருக்கும். தலைமுடி நரைச்சு, கண்ணாடியை நெத்தி மேல ஏத்தி வுட்டுகினு கீறாங்க. இன்னா ஆச்சுன்னு கேட்டாங்க. பவர் கட்டுன்னு சொல்லியிருந்தா ஒலகத்துல யாரா இருந்தாலும் நம்பியிருப்பாங்க. எம் பொண்ணுக்குப் பொய் வராது, அது அவ அம்மா பக்கம். "எங்க அப்பா ஒரு தடவ இந்த மாதிரி வீடியோ கால்ல திருடன்கிட்ட மாட்டிகிட்டாரு. உங்களையும் திருடின்னு நெனச்சு கரண்டை நிறுத்திட்டாரு"ன்னு உள்ளது உள்ளபடி சொல்லிட்டா.

முடிஞ்சுது, சீட்டு போச்சு, ஐ.டி. கம்பெனிதான்னு நெனச்சேன்.

அந்தம்மா சிரிக்கல, கோவிக்கவும் இல்ல. அப்பாவைக் காட்டுன்னாங்க. பொண்ணு போனைத் திருப்பினா. நான் சடக்குனு லுங்கியை எறக்கி வுட்டு வணக்கம் வெச்சேன். அந்தம்மா, நான் திருடி இல்லன்னு உங்களுக்கு எப்படி நிரூபிக்கணும், எது வேணாலும் கேளுங்கன்னு சொல்றாங்கன்னா பொண்ணு.

ஒரு விஞ்ஞானிகிட்ட நான் இன்னாத்தைக் கேக்கறது? வாய்க்கு வந்ததைக் கேட்டேன். "மேடம், திஸ் தட்டான், கோயிங் வேர்? கம்மிங் எந்த வழி?"

பொண்ணு அதைச் சரியான இங்கிலீஷ்ல மாத்திச் சொன்னா. அந்தம்மா கண்ணாடியை எறக்கி மாட்டிகினு என்னைப் பாத்தாங்க. அப்புறம் சொன்னாங்க, "ஐ டோன்ட் நோ."

கூடவே, "நோபடி நோஸ்."

போற வழி கொஞ்சம் தெரியும், திரும்பி வர்ற வழி யாருக்கும் சரியா தெரியல, அதைத் தேடத்தான் ஒரு ஆள் வேணும், அந்த ஆளைத்தான் நான் விசாரிச்சுகினு இருந்தேன்னு சொன்னாங்களாம்.

நான் படிச்ச படிப்புல எல்லாக் கேள்விக்கும் நோட்ஸ்ல பதில் இருந்துச்சு, நாங்க மனப்பாடம் பண்ணோம். யாருக்குமே பதில் தெரியாத கேள்வின்னு ஒண்ணு கீது, அதுக்குன்னு ஒரு ஆபீஸு, ஒரு சீட்டு, சம்பளம் போட்டு வெளிநாட்டுலேர்ந்து ஆள் தேடறாங்கன்னா! அதை விட, இவ்ளோ பெரிய படிப்பு படிச்சவங்க, லுங்கி கட்டின ஒருத்தன்கிட்ட எனக்குத் தெரியாதுன்னு கூச்சமே இல்லாம சொல்றாங்க. திருடனுக்கு அந்த வார்த்தை வாயில வராது. என் போலீஸுக்கு எல்லாமே தெரிஞ்சிருந்துச்சே.

"இவங்க நெசம்"ன்னேன் பொண்ணுகிட்ட.

"ரொம்ப நன்றிப்பா"ன்னா அவ.

அப்போதான் அவ நிமிந்து மேல பாத்தா. ஏரிப் பக்கத்துலேர்ந்து வந்துகினு கீது, கூட்டமா. வெயில் சாயற நேரம், ஒவ்வொரு றெக்கையும் ஒரு தடவ மின்னிட்டு அணையுது. தண்ணித் தொட்டி மேல, கேபிள் ஒயர் மேல, எங்க தலைக்கு ஒரு முழம் மேல. தட்டான் தாழப் பறந்தா மழைன்னு சொல்லிட்டு, தெனம் துணி எடுக்க வர்ற மாடி இது. ஒரு நாளும் நான் தலையைத் தூக்கிப் பாத்ததில்ல. பொண்ணு போனை வானத்தைப் பாக்கத் திருப்பினா.

போன்லேர்ந்து சத்தமே காணோம். லைன் கட்டாயிடுச்சோன்னு எட்டிப் பாத்தேன். அந்தம்மா ஸ்க்ரீன்கிட்ட மூக்கை ஒட்ட வெச்சுகினு, வாயைத் தொறந்து பாத்துகினு கீறாங்க, மொத மொதல்ல ரயிலைப் பாக்கற கொழந்தை மாதிரி.

அப்புறம் கேள்வி ஆரம்பிச்சுது. எந்தப் பக்கம் காத்து? ஆணா, பொண்ணா? எவ்ளோ ஒயரம்? எம் பொண்ணு சொல்லிகினே ஒண்ணைக் கையால புடிச்சா. ரெண்டு வெரலால றெக்கையை மடிச்சுப் புடிச்சு, வெளிச்சத்துக்கு நேரா காட்டி, ஏதேதோ சொல்றா. ரெண்டு எடத்துல தெரியாதுன்னும் சொன்னா, அந்தம்மா மாதிரியே, கூச்சப்படாம. எனக்கு ஒரு வார்த்தை புரியல. ரிமோட்டுக்கு என்கூட சண்டை போடற பொண்ணா இதுன்னு பாத்துகினே நின்னேன். சின்ன வயசுல, கடல் தாண்டப் போன இந்த ஆளுங்க வால்ல நூல் கட்டி வெளையாண்டவன் நான்.

அரை மணி நேரம் எப்பவோ தாண்டிருச்சு. எழுதறோம்னு சொல்லி அந்தம்மா போயிட்டாங்க. பொண்ணு வெரலைத் தொறந்தா. அது ஒரு நொடி அங்கயே குந்திகினு இருந்துட்டு எழும்பிப் போச்சு.

பதில் வர்ற வரைக்கும் ஊட்ல என் கூட யாரும் பேசல. நானும் ஸ்விட்ச் போர்டு பக்கமே போவல. ஒரு நாள் மத்தியானம் கம்பெனிக்கு சம்சாரம் போன் பண்ணி அழுதா. நான் மறுபடியும் எதையாவது ஒடச்சுட்டேன்னு நெனச்சு, பழக்க தோஷத்துல மன்னிப்பு கேட்டேன். சீட்டு கெடச்சிருச்சாம்.

ஷிப்ட் முடிஞ்சதும் கம்பெனி கீற எஸ்டேட் வாசல் டீக்கடைல கூட்டாளியைப் புடிச்சு நிறுத்தினேன், மனையை வித்தானே, அவனைத்தான். முழுக் கதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பெருமையா ஆயிடுச்சு.

"யோசிச்சுப் பாரு மாமே. நான் மட்டும் மெயினை ஆஃப் பண்ணலன்னா, அவ மாடிக்கே போயிருக்க மாட்டா. அந்தம்மா தட்டானையே பாத்திருக்க மாட்டாங்க. ஒரு வகைல பாத்தா, இந்த சீட்டே என்னாலதான்..."

அவன் கிளாஸைக் கீழ வெச்சுட்டு என்னை ஏற எறங்கப் பாத்தான்.

"உன்னால இல்ல மாமே. நீ இருந்தும் கெடச்சுகீது. மூடிகினு டீயைக் குடி."