மூன்று மணிக்கு வரும் போன்

அந்தக் காப்பீட்டு அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் அவள் இருபத்தாறு வருஷமாக வேலை பார்த்தாள். எந்தக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அதனால் எல்லோருக்கும் அவள் ஃபைல் அக்கா.

அவள் கணவர் பேருந்து நடத்துநர். வாய் ஓயாத மனிதர். பணிமனையில் அவருக்கு ரேடியோ என்று பேர். அந்த ரேடியோ ஒருநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றுபோனது. பக்கவாதம். நான்கு மாதத்தில் கையும் காலும் ஓரளவு வசத்துக்கு வந்துவிட்டன. பேச்சுதான் வருவேனா என்றது.

பேச்சுப் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். "தினமும் ஒரே ஒரு வாக்கியம், போன்ல சொல்லட்டும். நேர்ல இருந்தா கையைக் காட்டியே சமாளிச்சிடுவார்."

சாயங்காலமானால் அவர் களைத்துப்போய் வாயே திறக்க மாட்டார். அதனால் மதியம் மூன்று மணி என்று முடிவானது. ஆவணப் பிரிவுக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. மேஜை போன்தான் கதி. முதல் இரண்டு வாரம் "மழை வருது", "துணி எடுத்தாச்சு" என்று திக்கித் திணறியாவது வாக்கியம் வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றையும் அவள் நாட்காட்டியில் எழுதிவைத்தாள்.

பிறகு அந்தப் பிரிவை இரண்டாவது மாடிக்கு மாற்றினார்கள். அந்த வாரத்திலிருந்தே அவர் பேச்சு துண்டுதுண்டானது.

"ஜன்... ர... ட்டி..."

"என்னங்க? திரும்பச் சொல்லுங்க."

மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் அதே கதி.

"பரவாயில்லைங்க, நாளைக்குச் சொல்லலாம்" என்றாள், குழந்தையிடம் சொல்வதைப் போல.

மறுநாள் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வீட்டில் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வந்த பேச்சும் போய்விட்டதே என்று பயந்து, டாக்டரம்மாவைப் பார்க்க நாள் கேட்டு வைத்தாள்.

மூன்றாம் நாள் மூன்று மணிக்குக் கிளை அலுவலகத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "அக்கா, என்ன, உங்க குரல் வெட்டி வெட்டிக் கேக்குது? பாதி வார்த்தையைக் காணோம்."

அவள் கையிலிருந்த ரிசீவரைப் பார்த்தாள். கணவர் நாக்கில் என்று நினைத்த கோளாறு இந்த லைனில் இருக்குமோ?

நெட்வொர்க் வேலை பார்ப்பவரை எல்லோரும் வயர் தம்பி என்பார்கள். அவள் கூப்பிட்டதும் வந்தவர் மேஜைக்கடியில் புகுந்து, உள்ளங்கை அளவு பெட்டி ஒன்றை வெளியே இழுத்தார். மாடி மாறிய அன்று வயர் எட்டவில்லையென்று யாரோ சொருகியது.

"சுவத்துலேருந்து வயர் நேரா போனுக்கு வரணும்க்கா. போனுக்குப் பின்னாலேருந்து இன்னொரு வயர் கம்ப்யூட்டருக்குப் போகணும். கம்ப்யூட்டருக்கு வர்றது போறது எல்லாம் போன் வழியாத்தான். ஆனா பேச்சுன்னு வந்தா போன் அதைத்தான் முதல்ல விடும். மெயின் ரூம்ல இருக்கிற பெரிய பெட்டியும் போனை அடையாளம் கண்டு அப்படியே செய்யும். இந்தக் குட்டிப் பெட்டி நடுவுல உக்காந்ததால, அதுக்கு எது போன், எது கம்ப்யூட்டர்னே தெரியல."

"மூணு மணிக்குதான் இப்படி ஆகுது தம்பி."

"அந்த நேரம் என்ன பண்ணுவீங்க?"

"கிளைகள்லேருந்து ஸ்கேன் பண்ணின ஃபைல் எல்லாம் இறங்கும்."

"அதான். அத்தனையும் முண்டியடிச்சிட்டு வருது, பேச்சு நசுங்கிடுது. ஃபைல் லேட்டா வந்தாலும் முழுசா வந்துடும். பேச்சு அப்படியில்ல, விட்டது விட்டதுதான்."

"எங்க வீட்டுக்காரர் நாலு மாசம் கஷ்டப்பட்டு சேர்த்த வார்த்தை தம்பி" என்றாள். அவர் நீளமான வயர் ஒன்றைத் தேடி எடுத்து மாட்டினார்.

கோப்புகள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அவள் வீட்டுக்குப் போன் போட்டாள். வெகுநேரம் மணி அடித்தது. எடுத்தார். மூச்சு மட்டும் கேட்டது.

"என்னங்க, உங்க மேல ஒண்ணும் தப்பில்ல. இங்கதான் லைன் கோளாறு, சரி பண்ணியாச்சு. அன்னைக்கு என்ன சொல்ல வந்தீங்க? இப்பச் சொல்லுங்க."

இப்போதும் உடைந்து வந்தால் என்ன செய்வதென்று ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஜன்னல்... ஓரத்துல... பூனை... குட்டி போட்டிருக்கு."

ஓரெழுத்துக்கூடச் சேதமில்லை.

"எத்தனைங்க?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டாள். பயிற்சியில் கேள்வியே கிடையாது.

"மூணு" என்றார், யோசிக்காமல்.

வயர் தம்பி ஏதோ ஸ்க்ரூ தொலைந்ததைப் போல மேஜைக்கடியிலேயே தேடிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் கணவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "பரவாயில்லன்னு சொன்னேனே, மனசு கஷ்டமா இருந்துச்சா?"

ஆமாம் என்று பளிச்சென்று தலையாட்டினார். பிறகு அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த ரேடியோ பழையபடி ஆகிவிடவில்லை. இப்போதும் பாதி வாக்கியத்தில் நின்று மூச்சு வாங்குவார். வருகிற பேச்சிலும் பாதி, குழம்பில் உப்பு போதவில்லை என்ற புகார்தான். அவளும் விடாமல் சண்டைக்குப் போவாள். அவர் பதிலைத் தேடிப்பிடித்துச் சொல்லி முடிக்கிற வரை, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள்.