பூக் கேட்காத முடிவு

என் கணவர் அடிப்பவர் அல்ல, குடிப்பவரும் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரை விட்டுச் சேலத்தில் தனியாக இருக்கப் போகிறேன் என்று நான் சொன்ன நாளிலிருந்து எல்லோரும் கேட்டது அந்த இரண்டு கேள்விகளைத்தான். ஒருமுறை எனக்குப் பல் வலி என்று, நாங்கள் குடியிருந்த ராசிபுரத்தில் டாக்டரிடம் போனோம். எந்தப் பக்கம் வலிக்கிறது என்று டாக்டர் என்னைக் கேட்டார். "இடது பக்கமுங்க, கீழ் வரிசை" என்று என் கணவர் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பதினோரு வருடமாக என் பசிக்கும் தூக்கத்துக்கும் புடவை நிறத்துக்கும் அவரே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இதை ஒரு காரணம் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்தார்கள்.

சேலத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டுவது என் வேலை. ஒட்டுகிற சாக்கில், இருத்தலியம் என்று எழுதிய அலமாரியில் இருந்ததையெல்லாம் ராசிபுரம் பஸ்ஸில் படித்துத் தீர்த்தேன். அந்த நாவல்களில் வரும் ஆண்கள் மேல் எனக்குக் கோபமும் உண்டு. வெறுமை வந்தால் அவர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கப் போய்விடுவார்கள். எனக்கு வெறுமை வந்தாலும் மாவு ஆட்டியாக வேண்டும். ஆனால் ஒரு விஷயத்தில் அந்தப் புத்தகங்கள் என்னை விடவில்லை. ஒரு மனுஷி எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் முன்கூட்டி எழுதி வைக்கவில்லை, அவள் செய்வதுதான் அவள். முடிவெடுக்காமல் சும்மா இருப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் அவளே பொறுப்பு. அப்படியானால் சும்மா இருந்த பதினோரு வருடமும் நான் எடுத்த முடிவா? அதைப் படித்த அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சலில் இறங்க வேண்டிய ஸ்டாப்பையே விட்டுவிட்டேன்.

நாமக்கல் பக்கம் இருக்கும் எங்கள் அப்பா வீட்டில் பெரிய முடிவுகளை மனிதர்கள் எடுப்பதில்லை. பூக் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு அரளி. சாமி முன்னால் போட்டு, பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. தோட்டத்தில் போர்வெல் போட்டதும் எனக்குக் கல்யாணம் செய்ததும் பூ சொல்லித்தான். இப்போது நான் தனியாகப் போகலாமா என்பதையும் பூவிடமே விடுவது என்று அப்பாவின் அண்ணனான பெரியப்பா சொல்லிவிட்டார்.

முதலில் ஊர் மாரியம்மன் கோயிலில் கேட்டோம். வெள்ளை வந்தது. பெரியப்பாவின் முகம் சுருங்கிப்போனது. "பூசாரி அவசரத்துல எடுத்துட்டாரு. நம்ம குலசாமிகிட்டக் கேட்டாத்தான் செல்லும்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை குலசாமி கோயிலில் சிவப்பு வந்தது. "பாத்தியா கண்ணு, ஆத்தாளே சொல்லிருச்சு" என்று பெரியப்பா எனக்குத் திருநீறு பூசிவிட்டார். இப்போது அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "ஒண்ணுக்கு ஒண்ணு ஆயிப்போச்சுங்க மாமா. மூணாவதா ஒருக்காக் கேட்டரலாமுங்க" என்று அவரிடம் கெஞ்சினாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே ஆத்திரமும் வந்தது. இங்கே யாருக்கும் பூ தேவையில்லை. ஆளாளுக்கு முன்பே முடிவெடுத்துவிட்டு அதைச் சாமி தலையில் கட்டப் பார்க்கிறார்கள். நான் மட்டும் என்ன யோக்கியம்? முதல் தடவை வெள்ளை வந்தபோது அப்பாடா என்று கையெடுத்துக் கும்பிட்டவள்தானே.

பூசாரி பொட்டலங்களைக் குலுக்கி மறுபடியும் போட்டார். எடுக்கக் குனிந்தார்.

"எடுக்காதீங்க" என்றேன். "வெள்ளை வந்தாலும் போறேனுங்க, செவப்பு வந்தாலும் போறேனுங்க. அப்பறம் எதுக்குங்க சாமியைத் தொந்தரவு பண்ணிக்கிட்டு?"

"படிச்ச திமிரு!" என்று பெரியப்பா கத்தினார்.

"ஆமாங்க பெரியப்பா" என்றேன். அப்பா யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள். "பூ சொல்லி நீ போனா, நாளைக்கு ஒண்ணுன்னா சாமி மேல பழியப் போட்டுக்கலாம் கண்ணு. இப்ப யாரைக் குத்தஞ் சொல்லுவ?"

நான் படித்த எந்தப் புத்தகமும் என்னை இப்படி உலுக்கியதில்லை. பயமாக இருந்தது. நாற்பது வயதில், வாடகை வீட்டில், காய்ச்சலில் படுத்தால் தண்ணீர் கொடுக்க ஆள் இருக்காது. தப்பாகிப் போனால் அது முழுக்க முழுக்க என் தப்பாகவே இருக்கும். அதையும் சேர்த்துத்தான் எனக்கு வேண்டியிருந்தது.

"என்னையத்தாம்மா சொல்லிக்குவேன்" என்றேன்.

அறுபத்தைந்து வயது வரை ஒரு சேலை எடுக்கக்கூட யாரையாவது கேட்டுக்கொண்டே இருந்தவள் அம்மா. அன்று பெரியப்பாவைக் கேட்கவில்லை, அப்பாவைத் திரும்பியும் பார்க்கவில்லை. கோயில் வாசலுக்குப் போய்த் தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

"மாப்பிள்ளை ஊட்டுல கெடக்கற உன்ற சாமானையெல்லாம் நீ ஒருத்தியா எப்படித் தூக்குவ?" என்றாள். "நட, நானும் வாரேன்."