முனிவேல் படிக்கும் ஒரே புத்தகம்

விரலை நாக்கில் தொட்டுவிட்டுத்தான் முனிவேல் பக்கம் திருப்புவார். கையில் இருப்பது காகிதமல்ல. உள்ளங்கை அகலத்தில் ஓர் இ-ரீடர். ஈர விரலை அந்தத் திரை மதிக்காது. சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடுவார், பக்கம் மாறும். அடுத்த பக்கத்துக்கு மறுபடி நாக்கு, மறுபடி சட்டை. இரண்டு வருடமாக இதே கூத்து. சட்டையின் வலப்பக்கம், விலாவுக்கு மேலே, ஓர் இடம் மட்டும் வெளுத்துப் போயிருக்கிறது.

ஓசூருக்கு அடுத்து, மாநில எல்லையோர ஜூஜுவாடியில், நெடுஞ்சாலையை ஒட்டிய எடைமேடையில் அவருக்கு வேலை. லாரி ஏறும், கம்ப்யூட்டரில் எடை விழும், சீட்டைக் கிழித்துக் கொடுப்பார், லாரி இறங்கும். அடுத்த லாரி வரும்வரை படிப்பு. ஆபீஸ் என்று பெயர் வைத்திருக்கிற தகரப் பெட்டிக்குள் உட்கார முடியாது, வெந்துவிடும். அதனால் வெளியே பிளாஸ்டிக் நாற்காலி. "வெயில்ல போனப் பாத்தா நம்ம மூஞ்சிதான் சார் தெரியும். இதுல எழுத்து தெரியுது. சார்ஜ் போனாக்கூட எழுத்து அப்படியே நிக்கும்" என்பார். அந்தச் சாதனத்தைப் பற்றி அவர் சொல்லும் ஒரே பாராட்டு அதுதான்.

எடைமேடைக்கு எதிரில் நின்றுதான் நான் தினமும் அத்திப்பள்ளிக்கு ஷேர் ஆட்டோ பிடிக்கிறேன். நான் கொஞ்சம் எழுதுகிறவன். எழுதுகிறவனுக்குப் படிக்கிறவனைக் கண்டால் ஒரு நப்பாசை வரும். லாரிப் புழுதியில் உட்கார்ந்து ஒரு மனிதர் இப்படி மூழ்கிப் படிக்கிறாரே, என்ன நாவலாக இருக்கும் என்று ஒருநாள் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். இ-ரீடரை நீட்டினார். "இரண்டாவது ஷிப்ட். கிரைண்டிங் பிரிவு. இயந்திரம் எண் ஏழு" என்று தொடங்கியது. ஆரம்பம் பிரமாதமாக இருக்கிறதே என்று நினைத்தேன். அடுத்த பக்கத்தில், "மேற்படி தொழிலாளி பணி நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்ததால்" என்று வந்தது.

"கதை இல்லீங்க சார். என் கேஸு" என்றார் முனிவேல்.

அன்றைக்கு வெட்கப்பட்டது இன்னும் எனக்குள் இருக்கிறது.

விஷயம் இதுதான். பதிமூன்று வருடங்களுக்கு முன்பு சிப்காட்டில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் முனிவேல் நிரந்தரத் தொழிலாளி. பக்கத்து மெஷினில் கரியப்பன் என்பவருக்கு இரண்டு விரல்கள் போயின. கரியப்பன் கவனக்குறைவாகக் கையை விட்டார் என்றது நிர்வாகம். மெஷினுக்குத் தடுப்புக் கதவே இல்லை, கழற்றி வைத்து மூன்று மாதமாயிற்று என்று எழுதிக் கொடுத்தார் முனிவேல். அடுத்த வாரம் அவருக்கே ஒரு நோட்டீஸ் வந்தது. வேலை நேரத்தில் தூங்கினாராம். விசாரணை நடந்தது, வேலை போனது. தூங்கியதைப் பார்த்ததாகச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் கரியப்பன். மிச்சமிருந்த மூன்று விரல்களால்.

எனக்கு எரிந்தது. அவருக்கு எரிந்த மாதிரி தெரியவில்லை. "அவனுக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க சார். கேண்டீன்ல வேலை போட்டுத் தர்றோம், கையெழுத்துப் போடுன்னா போடாம என்ன பண்ணுவான்?" என்றார். சொல்லிவிட்டு சாலையைப் பார்த்தார். தினமும் மூன்று மணி வாக்கில் முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் அத்திப்பள்ளிப் பக்கம் போகும். அதன் மூன்றாவது ஜன்னலில் கரியப்பன் உட்கார்ந்திருப்பார். பஸ் வரும் நேரம் முனிவேல் இ-ரீடரை மூடிவிட்டு எழுந்து நிற்பார். கரியப்பன் வேறு பக்கம் பார்ப்பார். பதிமூன்று வருடத்தில் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இந்தச் சாதனம் அவர் கைக்கு வந்த கதை தனி. முன்பெல்லாம் கேஸ் கட்டை உரச்சாக்கில் சுற்றிக்கொண்டு கோர்ட்டுக்குப் போவார். ஒரு வாய்தாவின்போது பஸ் ஜன்னல் சரியாக மூடாமல் மழை உள்ளே அடித்து, பாதிக் காகிதம் கூழாகிவிட்டது. போனதற்கு வக்கீலிடம் நகல் வாங்கி, எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து வைத்தார். போனில் படித்தால் கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் ரிப்பேர் கடையில் யாரோ விட்டுப்போன இதைக் கண்டார். பாட்டு கிடையாது, படம் கிடையாது, சிம் கிடையாது. "அப்ப எனக்குச் சரியாப் போச்சு" என்று வாங்கி வந்தார்.

வந்ததும் அது கேட்ட கேள்விகள் பல. என்ன மொழி? பட்டியலில் தமிழ் இல்லை. எந்த வைஃபை? இல்லை. என்ன ஈமெயில்? இல்லை. எல்லாவற்றையும் தாண்டி உள்ளே போனால், வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி என்று மூன்று இங்கிலீஷ் புத்தகங்கள். மூன்றையும் அழித்தார். தமிழ் எழுத்துகள் முதலில் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. கடைக்காரர் ஏதோ எழுத்துருவை ஏற்றிச் சரிசெய்தார். அப்புறம்தான் பெரிய சிக்கல். முழு நீளத் தாளின் படம் அந்தச் சின்னத் திரையில் எறும்பு வரிசையாகத் தெரிந்தது. முனிவேல் யோசிக்கவில்லை. கேஸ் முழுவதையும், நோட்டீஸிலிருந்து குறுக்கு விசாரணை வரை, போனில் ஒற்றை விரலால் தட்டச்சு செய்தார். ஏழு மாதம். முடித்ததும் எடைமேடைக் கம்ப்யூட்டரில் கேபிளைச் செருகி ஏற்றிக்கொண்டார்.

அதோடு முடிந்திருந்தால் சரி. ஒவ்வொரு வாய்தாவுக்குப் பிறகும் ஒரு வரி கூடும். "எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை." "எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டது." அந்த வரியைச் சேர்த்து மறுபடி ஏற்றினால், அந்தப் பெட்டி அதைப் புதுப் புத்தகம் என்று எடுத்துக்கொண்டு, படித்தது பூஜ்யம் சதவீதம் என்று காட்டும். கடைசிப் பக்கத்துக்கு நேராகப் போக வழி இருக்கிறது, நானே காட்டிக் கொடுத்தேன். கேட்கவில்லை. "தாண்டக் கூடாதுங்க சார். எங்கியோ ஒரு வார்த்தைய வுட்டிருக்கேன். அதக் கண்டுபுடிச்சிட்டா முடிஞ்சுது" என்று முதல் பக்கத்திலிருந்து தொடங்குவார். கரியப்பன் சாட்சியம் வரும் பக்கத்தையும் தாண்ட மாட்டார். இரண்டு வருடத்தில் பதினேழு வாய்தா, பதினேழு முறை.

மனம் கேட்காமல் ஒருமுறை பத்து நாவல்களை அதில் ஏற்றிக் கொடுத்தேன். மறுநாள் ஒன்றுகூட இல்லை. "தப்பா நெனைக்காதீங்க. அடுத்தவங்க கதை நடுவுல நம்மளுது காணாமப் போயிடுது" என்றார். எடைமேடை முதலாளி வெங்கடசாமி தன் பங்குக்கு, "ஏமய்யா, உன் புராணம் இன்னும் முடியலையா?" என்பார். முனிவேல் சிரிப்பார். பல்லுக்கு மேலே போகாத சிரிப்பு.

சாப்பாடு கொண்டுவரும் அவர் மனைவி மாதேஸ்வரியிடம் ஒருநாள் பேச்சுக் கொடுத்தேன். அந்த அம்மாளுக்கு ஒளிவுமறைவு கிடையாது. "தூங்குனாருன்னு எழுதிக் குடுத்துட்டானுங்க. அன்னைலேந்து இந்த மனுசன் தூங்கவே இல்ல சார்" என்று தூக்குப்போசியைத் திறந்தார்.

முனிவேல் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. தூங்கினான் என்ற சொல் போக வேண்டும். அந்தக் கம்பெனி கேட்டுக்குள் ஒரே ஒருநாள், தலையை நிமிர்த்திக்கொண்டு போய் வர வேண்டும். "ஒரு ஷிப்ட் போதும் சார். உள்ள போயி கார்டு வெச்சிட்டு, என் மெஷினாண்ட நின்னுட்டு வந்துடறேன்." கம்பெனியில் ஓய்வு வயது ஐம்பத்தெட்டு. அவருக்கு ஐம்பத்தெட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. அது எதிர்த்தரப்புக்கும் தெரியும். அவகாசம் கேட்டுக் கேட்டு அவர்கள் காத்திருந்தது வேறெதற்கு? இதைச் சொல்ல சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை.

போன மாதம் தீர்ப்பு வந்தது. முனிவேலுக்கு ஐம்பத்தெட்டு முடிந்து பதினோராவது நாள். வேலைநீக்கம் தவறு என்றது தீர்ப்பு. ஓய்வு வயதைக் கடந்துவிட்டபடியால் மீண்டும் வேலை என்ற பேச்சுக்கு இடமில்லை என்றும் சொன்னது. ஜெயித்துவிட்டோம் அண்ணா என்றாராம் அவருடைய வக்கீல் பிரியதர்ஷினி. சொல்லும்போது அந்தப் பெண் முகத்தைப் பார்க்கவில்லையாம்.

மறுநாள் நான் போனபோது எடைமேடைக் கம்ப்யூட்டரில் கேபிள் செருகியிருந்தது. தீர்ப்பை ராத்திரியே தட்டச்சு செய்திருக்கிறார். கேபிளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் பூஜ்யம் சதவீதம். வழக்கம்போல முதல் பக்கத்தைத் திறப்பார் என்று பார்த்தேன். "அந்தக் கடேசிப் பக்கத்துக்குப் போறது எப்பிடின்னு சொன்னீங்களே சார்?" என்றார். காட்டினேன். வந்த பக்கத்தில் எழுத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். அதற்குமேல் பெரிதாகாது என்ற அளவில் நிறுத்தினார். திரை முழுவதும் மூன்றே சொற்கள். "தூங்கியதாகச் சொல்வது மெய்ப்பிக்கப்படவில்லை."

எழுந்து சாலையோரம் போனார். மூன்று மணி ஆகியிருந்தது. எல்லைப் பக்கம் நெரிசல். லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றுவிட்டன. கம்பெனி பஸ்ஸும் வந்து எடைமேடைக்கு நேர் எதிரே நின்றது. இதுவரை அது அங்கே நின்று நான் பார்த்ததில்லை. முனிவேல் கிட்டே போய், இரண்டு கையாலும் அந்தத் திரையை மூன்றாவது ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மூன்று மணி வெயிலில் எழுத்துகள் எனக்கே பளிச்சென்று தெரிந்தன.

பஸ்ஸில் ஒருவர் பாக்கியில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தார்கள். விடிவதற்கு முன் எழுந்து வந்த ஷிப்ட். காதில் ஒயர் மாட்டிய ஒப்பந்தப் பையன்கள், முன் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்த பெண்கள். மூன்றாவது ஜன்னலில் கரியப்பன், கண்ணாடியில் கன்னத்தை நசுக்கிக்கொண்டு, வாய் பிளந்து, இரண்டு விரல் இல்லாத கையை மடியில் மல்லாத்திப் போட்டபடி தூங்கினார்.

முன்னால் இருந்த லாரி நகரத் தொடங்கியது. முனிவேல் ஒரு கையை எடுத்து, கண்ணாடியைத் தட்ட விரலை மடக்கினார். கரியப்பனின் மடியில் கிடந்த கையைப் பார்த்தார். மடக்கிய விரலை மெல்ல விரித்து, சட்டையின் வெளுத்த இடத்தில் துடைத்துக்கொண்டார்.