துப்பாக்கிக்குப் புள்ளி வைக்கிறவன்

துப்பாக்கி ரிப்பேர் கடைக்காரனிடம் எல்லோரும் மரியாதையாகத்தான் பேசுவார்கள், அவன் சொல்வதை மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். திருவண்ணாமலையில் எனக்கு அப்படி ஒரு கடை. கிளப்பில் சுடுகிற ஏர் பிஸ்டல் ஜாஸ்தி, லைசென்ஸ் பிஸ்டல் கம்மி. இப்போது எல்லோருக்கும் அதன் தலையில் ரெட் டாட் வேண்டும். சின்னக் கண்ணாடி, அதில் ஒரு சிவப்புப் புள்ளி எரியும். சரியாகப் பொருத்தினால் புள்ளி இருக்கிற இடத்தில் குண்டு படும். மிக்ஸி, செல்போன் ரிப்பேர் பார்க்கிற சகோதரர்களே, மிச்சத்தை உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

அணையாத புள்ளி

ஆயுத பூஜைக்கு மறுநாள் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் ஏர் பிஸ்டலோடு ஓடி வந்தார். “பாய், ஆஃப் பண்ணிட்டேன், பேட்டரியக்கூட கழட்டிட்டேன், புள்ளி போகவே மாட்டேங்குது!”

வாங்கிப் பார்த்தேன். கண்ணாடி நடுவில் குங்குமம். படையலில் வைத்து அவர் வீட்டம்மா பொட்டு வைத்திருக்கிறார். சாமிக்கு வைத்ததை நான் துடைப்பானேன் என்று துணியை அவரிடமே கொடுத்தேன். துடைத்துவிட்டு என்னை அதட்டினார்: “அதான பார்த்தேன், பேட்டரி இல்லாம எரியறதுக்கு இது என்ன கார்த்தி தீபமா?”

கோணல் புள்ளி

ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவருக்குப் புதிதாகப் பொருத்திக் கொடுத்தேன். மூன்றாம் நாள் வந்து, புள்ளி முறுக்கு மாதிரி தெரிகிறது, மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டாய் என்றார். வெளிச்சத்தைக் குறைத்தேன். அப்போதும் முறுக்குதான். கண்ணாடி வழியாக செல்போனில் படம் பிடித்துக் காட்டினேன். படத்தில் புள்ளி வட்டமாக இருந்தது.

“கோளாறு கண்ணுல சார், டாக்டரைப் பாருங்க” என்றேன். படத்தை இன்னொரு தரம் பார்த்தார். அப்புறம் கேட்டார்: “அப்ப இத்தனை வருஷமா கையெழுத்து கோணல்னு பசங்களுக்கு மார்க்கு குறைச்சேனே, அது?”

காயாத பசை

அடி அண்ணாமலை ஊர் இன்ஜினீயர் ஒருவர் தினமும் குறி தப்புகிறது என்று தினமும் புள்ளியை நகர்த்திக்கொண்டே இருந்தார். அடியில் திருகாணி இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, மரையில் ஒரு சொட்டுப் பசை விட்டு முறுக்கினேன். “காயட்டும்.”

“சரி, கிரிவலம் ஒரு சுத்து போய்ட்டு வந்துடறேன்.”

“நாளைக்குத்தான் சார் காயும்.”

“அதுவரைக்கும் நான் எத்தனை சுத்து சுத்தறது பாய்?”

காலிதான்

கீழ்பென்னாத்தூர் ரைஸ் மில் முதலாளி லைசென்ஸ் பிஸ்டலுக்குப் புள்ளி வைக்க வந்தார். கூடவே அவர் மச்சான். “காலிதான் பாய், சும்மா புடிங்க” என்று முதலாளி அதைக் குழாய் என் வயிற்றைப் பார்க்க நீட்டினார். நான் ஒதுங்கி நின்று, வாங்கி மணல் வாளிப் பக்கம் திருப்பினேன். தோட்டா அடுக்குகிற மேகசினைக் கழற்றினேன், காலி. முதலாளி சிரித்தார். மேல்பாகத்தைப் பின்னால் இழுத்தேன். உள்ளேயிருந்து ஒரு தோட்டா துள்ளி மேஜையில் உருண்டது.

அதை எடுத்துத் தனியாக வைத்தேன். முதலாளி முகத்தில் ரத்தமே இல்லை. “காலைல இவங்க வீட்ல பொங்கல் சாப்பிடறப்ப இதைத்தான விளையாட்டுக்கு இவன் நெத்தில வெச்சேன்” என்றார். மச்சான் நெற்றியைத் தடவிக்கொண்டார். “மாமா, அடுத்த பொங்கலுக்கு அக்காவ மட்டும் எங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க.”

பன்னிரண்டு வருஷமாகக் கடை நடத்துகிறேன், இதில் துப்பாக்கி கெட்டுப்போய் வந்தது ரொம்பக் கம்மி.