அண்ணை கொடுத்துவிட்ட டோர்ச் லைட்

சில வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை, பாரிஸ் விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையில் எனக்கு நடந்த கதை இது. விமான நிலையத்தில் நடந்தது என்றாலும் தொடங்கியது பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில்தான். எங்கள் ஆட்களின் வில்லங்கங்களில் பாதி அங்கேதான் தொடங்கும்.

அப்பா யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தார். பக்கவாதம். ஒரு கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது, ஆனால் நினைவு தப்பவில்லை. சித்தியின் மகள்தான் பக்கத்தில் இருந்து பார்த்தாள். அவள் போனை அவர் காதில் வைத்ததும் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "பிள்ளை, எப்ப வாறாய்?"

நாங்கள் இரண்டு பிள்ளைகள், இரண்டு பேரும் இங்கே. தம்பி பாரிஸுக்குப் பக்கத்தில் பொண்டியில் இருக்கிறான். அவனிடம் இருப்பது அகதிக்கான பயணப் பத்திரம். அதை வைத்துக்கொண்டு எங்கெங்கோ போகலாம், இலங்கைக்கு மட்டும் போக முடியாது. எனக்கு பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்திருந்தது. ஆகவே போகக்கூடிய பிள்ளை நான் ஒருத்திதான். "வியாழக்கிழமை மத்தியானம் உங்களுக்குப் பக்கத்திலை நிப்பன் அப்பா" என்று சொன்னேன். அவர் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். வியாழன் என்ற சொல் அவர் வாயில் சரியாக வரவில்லை.

லா சப்பலில் ஒருவர் ஊருக்குப் போகிறார் என்றால், டிக்கெட் அவர் கைக்கு வருவதற்கு முன்பே செய்தி கடைக்குக் கடை போய்விடும். உடனே சாமான்கள் வரத் தொடங்கும். சொக்லேட், சென்ட் போத்தல், முழங்கால் நோவுக்குக் களிம்பு, பிறந்த பிள்ளைக்குச் சப்பாத்து. "அப்பாவுக்குக் கடுமையாமே, பாவம்" என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டே பார்சலை நீட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. அப்பாவின் மருந்தையும் உடுக்கும் சாரத்தையும் நானும்தானே இத்தனை காலமாக ஊருக்குப் போகிறவர்களின் தலையில் கட்டி அனுப்பினேன். வாங்காவிட்டால் 'பாஸ்போர்ட் கிடைச்சதும் அவவுக்குத் தலைக்கனம்' என்று ஒரு பட்டமும் கிடைக்கும்.

பெட்டியைப் பூட்டிப் பட்டி கட்டி, தம்பி தூக்க, கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ரயிலுக்காக நிற்கும்போது பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். திரும்பினால் கடைக்கார அண்ணை, கடை ஏப்ரனோடு மூச்சு வாங்க ஓடி வருகிறார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் ஒரே ஒழுங்கைக்குள்தான் எங்கள் இரண்டு வீடும். நான் இங்கே வந்த புதிதில், வாய்க்குள் ஒரு பிரெஞ்சுச் சொல்லும் இல்லாத நாட்களில், குளிரில் விடியற்காலையிலேயே போய் வரிசையில் நின்று எனக்கு விசா காரியம் பார்த்தவர் அவர்தான். ஹோட்டல் அறை துப்புரவு செய்யும் வேலையும் அவர் சொல்லித்தான் கிடைத்தது. அந்த நன்றியை நான் இன்றும் இல்லை என்று சொல்லமாட்டேன். அதனால்தான் இவ்வளவு கசக்கிறது.

"தங்கச்சி, ஒரு சின்னச் சாமான். அக்கா அங்கை தனியத்தானே இருக்கிறா. கரண்ட் போனா இருட்டுக்கை தடவுறா. ஒரு டோர்ச் லைட்தான், குடுத்துவிடு" என்றார்.

பேப்பரில் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. தம்பியின் முகம் மாறியது. "அண்ணை, பெட்டி பூட்டியாச்சு" என்றான். "அப்ப கைப்பையிலை வையன், எவ்வளவு பாரம்" என்று அவரே என் பையின் சிப்பைத் திறந்து உள்ளே வைத்தார். ரயில் வந்துவிட்டது. ஏறும்போது சொன்னார்: "ஆர் கேட்டாலும் உன்ரை எண்டு சொல்லு. மற்றவையின்ரை எண்டா ஆயிரம் கேள்வி கேப்பாங்கள்."

அது அவர் புதிதாகச் சொன்ன புத்திமதி இல்லை. சாமான் கொண்டு போகும் எல்லோருக்கும் எல்லோரும் சொல்வதுதான். நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். விமான நிலையத்தில் பெட்டி போடும் இடத்தில், யாராவது உங்களிடம் ஏதாவது தந்துவிட்டார்களா என்று கேட்டபோது, 'இல்லை, எல்லாம் என்னுடையது' என்று அலட்டிக்கொள்ளாமல் சொன்னேன்.

டோர்ச் லைட்டைக் கைப்பையில் கொண்டு போவது குற்றமில்லை. முன்பும் கொண்டு போயிருக்கிறேன், ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. அதனால் பை இயந்திரத்துக்குள் போய் நின்று, பின்னால் வந்து, திரும்பவும் உள்ளே போனபோதும் நான் பயப்படவில்லை. தண்ணீர்ப் போத்தலாக இருக்கும் என்று நினைத்தேன். பையை எடுத்து வைத்த சோதனைப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பார்த்த உடனேயே தெரிந்தது, எங்கள் பிள்ளை. எனக்கு ஒரு நிம்மதி. "பிள்ளை, அது டோர்ச் லைட்டம்மா" என்று தமிழில் சொன்னேன். அவள் கேட்காதவள் மாதிரி பிரெஞ்சில் கேட்டாள்: "இது உங்களுடையதா, மதாம்?"

"ஓம், என்னுடையது" என்று பிரெஞ்சில் சொன்னேன். எனக்கே நான் வெட்டிய குழி அது.

அவள் பேப்பரைப் பிரித்து, பொத்தானை அமத்தினாள். வெளிச்சம் வந்தது. நான் பையை எடுக்கக் கையை நீட்டினேன். அவளுக்குப் பக்கத்தில் நின்ற இன்னொரு சோதனைக்காரர் அதை வாங்கி, பிடியில் இருந்த சின்ன மூடியைத் தள்ளி, உள்ளே இருந்த இன்னொரு பொத்தானை அமத்தினார். டோர்ச்சின் வாயில் சடசடவென்று நீல நெருப்பு ஓடியது. எனக்குப் பின்னால் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் இரண்டடி தள்ளிப் போனார். மின்சாரம் பாய்ச்சி ஆளை விழுத்தும் கருவி. பார்வைக்கு டோர்ச் லைட்.

பொலிஸ் வந்தது. என்னை ஒரு சின்ன அறைக்குக் கொண்டு போனார்கள். அந்தப் பிள்ளையும் சாட்சி சொல்ல வந்து நின்றாள். பொலிஸ்காரர் கத்தவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். அது இன்னும் பயமாக இருந்தது. ஆயுதம் வைத்திருந்ததாக வழக்கு வரலாம் என்றார். அறைச் சுவரில் ஒரு மணிக்கூடு. நான் அவரைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அழுதழுது சொன்னேன். இது என்னுடையது இல்லை, எங்களூர் அண்ணை ஒருவர் தந்தார், உள்ளே என்ன என்று எனக்குத் தெரியாது, என் அப்பா சாகக் கிடக்கிறார், விமானம் போகப்போகிறது. அவர் பேனையைக் கீழே வைத்தார். முதலில் உங்களுடையது என்றீர்கள், இப்போது இல்லை என்கிறீர்கள், இதில் நான் எதை நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அண்ணையின் நம்பரைக் கொடுத்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் ஓடிப்போய் விமானம் ஏறிவிடலாம் என்று முழுதாக நம்பினேன்.

பொலிஸ்காரர் போனை மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். அந்தப் பக்கம் கடைச் சத்தம் கேட்டது. பொலிஸ் என்றதும் அண்ணையின் குரல் இறங்கிவிட்டது. பொலிஸ்காரர் என் பெயரைச் சொல்லி, இந்தப் பெண்ணிடம் ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார்.

அண்ணை தெளிவான பிரெஞ்சில் சொன்னார்: "அப்படி ஒரு பெண்ணை எனக்குத் தெரியாது, மிஸ்யூ."

நான் மேசைக்குக் குனிந்து, "அண்ணை, நான்தான், நான்தான் கதைக்கிறன்" என்று கத்தினேன். போன் துண்டிக்கப்பட்டது. திரும்ப எடுத்தபோது அண்ணை போனை நிறுத்தி வைத்திருந்தார்.

கோபம் அப்போது வரவில்லை, வெட்கம்தான் வந்தது. ஏதோ நானே உறவு கொண்டாடிக்கொண்டு போய்ப் பிடிபட்டவள் மாதிரி, அந்தப் பொலிஸ்காரர் என்னைப் பார்த்த பார்வை.

அவர் வெளியே போனபோது அந்தப் பிள்ளை ஒரு கப்பில் தண்ணீர் கொண்டு வந்து தந்தாள். முதல் தடவையாகத் தமிழில் பேசினாள். பிரெஞ்சு வாடை அடிக்கும் தமிழ். "அன்ரி, நீங்கள் பொய் சொல்லேல்லை எண்டு எனக்குத் தெரியும். அம்மாவும் இப்பிடித்தான், எல்லாற்றை சாமானும் கொண்டு போறவா. ஆனா அதை நான் சொல்ல ஏலாது. நான் கண்டதைத்தான் சொல்லலாம்."

எங்களூர் அண்ணை தெரியாது என்று சொன்ன என்னை, யாரோ பெற்ற பிள்ளைக்குத் தெரிந்தது. அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போதுதான் விமானம் போய்விட்டது.

கருவியைப் பறித்துக்கொண்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, எச்சரித்து, பின்னேரம் போல விட்டார்கள். தம்பி அலைந்து திரிந்து அடுத்த நாள் இரவு விமானத்துக்கு இடம் எடுத்தான். நான் அப்பாவுக்குப் போன் எடுத்து, பிளேன் பிந்திப்போச்சு, வெள்ளிக்கிழமை வாறன் என்றேன். அவர் "சரி" என்றார். அவ்வளவுதான்.

வியாழன் மத்தியானம் நான் மறுபடி பெட்டிக்குப் பட்டி கட்டிக்கொண்டிருந்தபோது தம்பி வந்தான். வாசலில் நின்றவன் உள்ளே வரவில்லை. ஊரில் அப்போது பின்னேரம், அப்பா கண்ணை மூடிவிட்டார். சொன்னபடி நான் போய்ச் சேர்ந்திருந்தால் அப்பாவோடு ஒரு பொழுது இருந்திருப்பேன். அவருக்கு வாயில் வராத சொற்களைப் பக்கத்தில் இருந்து கேட்டிருப்பேன். கடைசியாக சித்தியின் மகளிடம், பிள்ளை வந்திட்டாளோ என்று கேட்டாராம். அவள் அதை எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று சில நாட்களில் நினைப்பேன்.

ஊரில் செத்தவீடு முடிந்து நாலைந்து நாள் இருக்கும். அண்ணையின் அக்கா துக்கம் விசாரிக்க வந்தார். என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். தேத்தண்ணி குடித்தார். எழும்பும்போது என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, குரலைத் தணித்துக் கேட்டார்: "பிள்ளை, என்ரை தம்பி ஒரு டோர்ச் குடுத்துவிட்டவனாம், கொண்டந்தனியே?"

அண்ணை அவருக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஏயர்போட்டில் எடுத்துப்போட்டார்கள் என்றேன்.

"ஐயோ, போச்சே" என்று அவர் கன்னத்தில் கையை வைத்தார். "அது சும்மா டோர்ச் இல்லையாம் பிள்ளை. கள்ளர் வந்தா கரண்ட் அடிக்கலாமாம். தம்பி தேடித் தேடி வாங்கினவன்."

அதுவரைக்கும் என் மனதில் ஒரு மூலையில், பாவம், அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கும் என்று ஒரு எண்ணம் இருந்தது. அந்தப் பெண் தன்னையறியாமல் அதையும் துடைத்துவிட்டுப் போனார். அந்த அக்கா மேல் எனக்குக் கோபமில்லை. தனியே இருக்கும் பெண்ணுக்குக் கள்ளர் பயம் இருக்கத்தான் செய்யும்.

நான் பாரிஸுக்குத் திரும்பி வந்த அடுத்த நாளே அண்ணை என் வீட்டுக்கு வந்தார். ஒரு பெட்டி மாம்பழம் கொண்டு வந்திருந்தார். அப்பாவின் படத்துக்கு முன்னால் கைகட்டி நின்றார். கண் கலங்கியது உண்மை. பிறகு கதிரையில் நுனியில் இருந்துகொண்டு சொன்னார்: "என்ரை நஷனாலித்தே விசயம் உனக்குத் தெரியும்தானே. குடியுரிமை நேர்முகத்துக்குத் திகதி வந்திருந்தது. அந்த நேரம் பொலிஸ் எண்டதும் எனக்குக் கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை. எனக்கெண்டால் எல்லாம் போயிருக்கும் தங்கச்சி. உனக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே."

உனக்கு ஒன்றும் நடக்கவில்லைத்தானே. அப்பாவின் படத்துக்கு முன்னால் இருந்துகொண்டு சொன்னார். தம்பி எழுந்து குசினிக்குள் போய்விட்டான். நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? "தேத்தண்ணி குடியுங்கோ அண்ணை" என்றேன். என் வாயை நானே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. வீட்டுக்கு வந்தவரை எழும்பிப் போ என்று சொல்லும் தைரியம் எங்களுக்கு யாரும் பழக்கவில்லை.

சனம் விட்டுவைக்கவில்லை. ஒரு கருவேப்பிலைக் கட்டு வாங்கப் போனால்கூட, "நீர் அண்ணையின்ரை நம்பரை பொலிசுக்குக் குடுத்தனீராம்" என்று கேட்டார்கள். தந்துவிட்டவரில் பிழையில்லை, நம்பர் கொடுத்தவளில்தான் பிழை. கொஞ்சக் காலம் நான் கறிக்குச் சாமான் வாங்க வேறு ஊருக்கு பஸ் ஏறிப் போனேன். பிறகு அதுவும் அலுத்துவிட்டது.

போன வருடம் அண்ணைக்குக் குடியுரிமை கிடைத்தது. கடைக்கு வந்த எல்லோருக்கும் லட்டுக் கொடுத்தார், எனக்கும் கிடைத்தது. இந்தக் கோடையில் அவர் எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு முதல் தடவையாக ஊருக்குப் போனார். புறப்படுவதற்கு முதல் நாள் என்னை வழியில் கண்டு நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"தங்கச்சி, நாளைக்குப் போறன். வீட்டுக்கு ஏதும் குடுத்துவிட இருக்கே? பெட்டியிலை இடம் இருக்கு."

"ஒண்டும் இல்லை அண்ணை, சுகமாப் போட்டு வாங்கோ" என்றேன். அப்பாவின் அந்த வீட்டில் இப்போது ஒருவரும் இல்லை. சித்தியின் மகள் எப்போதாவது போய்க் கூட்டிவிட்டுப் பூட்டிவிட்டு வருவாள். சாமான் கொடுத்துவிட எனக்கு அங்கே ஆளில்லை என்பதைத் தெரிந்துகொண்டுதான் கேட்டாரா, மறந்துபோய்க் கேட்டாரா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், இரண்டில் எதுவென்றாலும் என் மனம் ஆறாது என்று தெரிந்திருந்தும்.